வேலியைத் தாண்டிய பன்றி: புதிதாகச் சுட வருகிறவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோவிந்தாபுரம் பக்கம் நிலக்கடலைக் காடு ஒன்றில் போன மாதம் இரவுக் காவலுக்கு நின்றிருந்தோம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடப் பஞ்சாயத்து வைத்திருக்கும் ஆட்களின் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சுட்டார். பன்றி விழவில்லை. பின்காலை இழுத்துக்கொண்டு பக்கத்துத் தோப்பின் வேலிக்குள் நுழைந்தது. நான் வாய் திறப்பதற்குள் தம்பியும் வேலியில் ஒரு காலை வைத்துவிட்டார். ‘நில்’ என்று கத்தினேன். நல்லவேளை, நின்றார். 2022 மழைக்காலத்தில் எனக்கு அப்படிக் கத்த ஆள் இல்லை.

குடித்துவிட்டு வராதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதெல்லாம் துப்பாக்கி உரிமம் வாங்கும் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதியவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வேட்டை என்று நினைப்பது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. பட்டா நிலமாக இருந்தாலும் தடை தடைதான். கண்ணி வைப்பதும், குறி தவறிய முயற்சியும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டையே. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. நாம் நிற்பது அவர்கள் எழுதித் தரும் உத்தரவுத் தாளின் பலத்தில் மட்டுமே. தாளில் உள்ள இடத்தையும் தேதியையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

எல்லை தாண்டித் துரத்துவது

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. அடிபட்ட பன்றி மேட்டில் ஏறி ஓடியது. காட்டின் எல்லைக்கு அடையாளமாகக் கல் அடுக்கி வைத்திருப்பார்களே, ஜண்டா, அதைப் பகலில் நூறு முறை பார்த்திருக்கிறேன். அன்றிரவு ரத்தத் தடத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. பன்றி விழுந்த இடம் ஜண்டாவுக்கு முப்பது அடி உள்ளே. அங்கேதான் வனக்காவலர்களின் டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. காப்புக்காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓர் ஆள், காலடியில் செத்த பன்றி. பஞ்சாயத்து உத்தரவை நீட்டினேன். அது காட்டுக்குள் செல்லாது என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். பதினான்கு மாதங்கள் துப்பாக்கி என் கைக்கு வரவில்லை. என்னை நம்பியிருந்த விவசாயி ஒருவரின் மரவள்ளி அந்தப் பருவத்தில் ஒரு கிழங்கு மிஞ்சாமல் போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

‘அடிபட்ட உயிரை அப்படியே விடலாமா அண்ணா?’ என்று புதியவர்கள் கேட்கிறார்கள். விடக் கூடாது. ஆனால் அந்தக் கவலை விசையில் விரல் வைப்பதற்கு முன்பே வர வேண்டும். எல்லையை ஒட்டி நிற்கும் பன்றியைச் சுடாதீர்கள். முப்பது மீட்டருக்கு அப்பால் நான் சுடுவதே இல்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் மாலையிலேயே சொல்லி வையுங்கள். வனச்சரக அலுவலகத்தின் எண் சட்டைப்பையில் இருக்கட்டும். அதற்கு மேலும் தாண்டிவிட்டால் வேலியோரம் நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

இருட்டில் அடுத்தவர் வேலிக்குள் நுழைவதில் வழக்கைவிடப் பெரிய ஆபத்து மின்கம்பி. இதே பாலக்காடு மாவட்டத்தில், முட்டிக்குளங்கரையில் 2022 மே மாதம் காவலர்கள் இருவர், கரிங்கரப்புள்ளியில் 2023 செப்டம்பரில் இளைஞர்கள் இருவர், பன்றிக்கு வைத்த கம்பியில் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். நால்வரும் அந்த நிலத்துக்கு வெளியாட்கள்.

எங்கள் பக்கம் மூன்றாவது எல்லை ஒன்றும் உண்டு. சோதனைச் சாவடியைத் தாண்டி நாலு வரப்பு நடந்தால் தமிழ்நாடு. அங்கே விதியே வேறு. 2025 ஜனவரியில் அந்த அரசு அறிவித்தபடி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். நம் பஞ்சாயத்துத் தாளுக்கு அங்கே மதிப்பில்லை. மொழி ஒன்று, சொந்தக்காரர்கள் ஒன்று என்பதால் நம் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாட்டக்காரரின் வாய்ச்சொல்

முதலமடை மாந்தோப்புகள் பலவற்றில் காய்ப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவர் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். ‘வாங்க, சுடுங்க’ என்று பாட்டக்காரர் அழைப்பார். சொந்தக்காரருக்கு விஷயமே தெரியாது. அவரிடம் எழுதி வாங்குங்கள்.

சினைப்பன்றி

சந்தேகம் வந்தாலே குழலைத் தாழ்த்துங்கள்.

இறைச்சி

ஒரு துண்டுகூடக் கூடாது. புதைக்க வேண்டும்.

அன்றிரவு தம்பியும் நானும் வேலியோரமே உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் வனக்காவலர்கள் வந்தார்கள். தோப்புக்காரருக்குப் போன் செய்தோம். முந்தைய ஆண்டு எங்களைத் திட்டித் துரத்தியவர்தான். இம்முறை அவரே வந்து படலைத் திறந்துவிட்டார். வாய்க்காலோரம் பன்றி செத்துக் கிடந்தது. குழி வெட்ட மண்வெட்டியும் அவரே கொண்டுவந்தார்.