ட்ரைபாட் துளையைத் தொடாமல் ஸ்லிங் ஸ்ட்ராப் மாட்டும் வழி

சிங்கப்பூர் கரையோரப் பூந்தோட்டத்தில் சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும், ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்தில் பாதியை நான் ஒருநாள் கேமராவின் அடியில் இருந்த கொக்கியைக் கழற்றுவதிலேயே தொலைத்தேன். என் பழைய ஸ்லிங் ஸ்ட்ராப், அதாவது உடம்புக்குக் குறுக்கே போட்டுக் கேமராவை இடுப்பில் தொங்கவிடும் பட்டை, கேமராவின் அடியில் உள்ள ட்ரைபாட் துளையில்தான் திருகி நிற்கும். ட்ரைபாடில் வைக்க வேண்டுமென்றால் அதைக் கழற்ற வேண்டும், வாஷரைப் பத்திரப்படுத்த வேண்டும், ட்ரைபாட் தட்டைத் திருக வேண்டும். வாஷர் கை நழுவி உருண்டு போனதும் எனக்கு வெறுத்துவிட்டது.

ஆனால் மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது தைப்பூசம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் ஆரம்பித்துக் காவடிகளோடு டேங்க் ரோடு வரை நடந்தேன். கோயில் வாசலை நெருங்கும்போது இடுப்பில் கேமரா ஒரு மாதிரி லொடலொடவென்று ஆடியது. தொட்டுப் பார்த்தால் திருகு இரண்டு சுற்று வெளியே வந்திருக்கிறது.

இரண்டு சுற்றுதானே என்று நினைக்காதீர்கள். கேமராக்களின் அடியில் இருப்பது கால் அங்குலத் துளை, ஓர் அங்குலத்துக்கு 20 மரை. அதாவது ஒரு சுற்று 1.27 மில்லிமீட்டர். திருகு உள்ளே போகும் ஆழம் சுமார் நாலரை மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் உங்கள் கேமராவைப் பிடித்திருப்பது மொத்தமே மூன்றரைச் சுற்று. நடக்க நடக்கக் கேமரா ஆடுகிறது, அந்த ஆட்டம் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறது. (இதற்கு சூப்பர் குளூ போடச் சொன்ன ஒரு நண்பர் இருக்கிறார். அவரிடம் கேமராவைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.)

சரி, வேலைக்கு வருவோம். தேவையானவை: இரண்டு பக்கமும் கொக்கி உள்ள, பட்டென்று கழற்றக்கூடிய ஸ்ட்ராப், அதோடு வரும் சின்ன ஆங்கர்கள், அதாவது பொத்தான் அளவு வட்டில் கயிற்றுக் கண்ணி கோத்த சமாச்சாரம், பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல். நான் பயன்படுத்துவது பீக் டிசைன் ஆங்கர். அதன் கயிறு 90 கிலோ தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். என் கேமரா லென்ஸோடு ஒன்றரைக் கிலோகூட இல்லை. பெயரில்லாத மலிவு ஆங்கர்களை நான் வாங்க மாட்டேன், கேமரா விலையை நினைத்துப் பார்த்தால் அந்த மிச்சம் மிச்சமே இல்லை.

முதல் படி: கேமராவின் காதைப் பாருங்கள்

இரண்டு பக்கமும் பட்டை மாட்டுவதற்கான காது இருக்கும். பெரிய கேமராக்களில் அது நீள இடுக்கு, சிறியவற்றில் வட்டத் துளை. வட்டத் துளை என்றால் முதலில் முக்கோண வளையம் போட வேண்டும், சாவி வளையத்தில் சாவி கோப்பது போலத்தான். நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள், சில ஃபுஜி கேமராக்களோடு இதற்கென்றே ஒரு சின்னக் கருவி பெட்டியில் வரும். வளையத்தின் வெட்டு முனை கயிற்றில் படாதபடி திருப்பி வையுங்கள்.

இரண்டாம் படி: கயிற்றை நுழைப்பது

இங்கேதான் நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். இடுக்கு சின்னது, கயிறு தடிமன். முதலில் கயிற்று நுனியை நக்கிக் கூராக்கப் பார்த்தேன், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. நுழையவில்லை. அப்புறம் தேக்காவில் வாங்கிய பூக்கட்டும் நூலைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு இழுத்தேன். முடிச்சு இடுக்கில் சிக்கியது, இன்னும் பலமாக இழுத்தேன், நூல் அறுந்து கை மேஜையில் இடித்தது. சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் குளியலறையிலிருந்து ஃப்ளாஸ் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

வழி இதுதான். ஒரு சாண் ஃப்ளாஸை எடுத்து ஆங்கரின் கண்ணிக்குள் விடுங்கள். முடிச்சுப் போடவே கூடாது, கண்ணியின் வளைவில் அது சும்மா மடிந்து கிடக்க வேண்டும். இப்போது ஃப்ளாஸின் இரு முனைகளையும் சேர்த்துக் காதின் இடுக்கில் நுழைத்து மறுபக்கம் எடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, இடமும் வலமுமாக லேசாக அசைத்துக்கொண்டே இழுங்கள். மெழுகு பூசிய ஃப்ளாஸ் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். கண்ணி மறுபக்கம் தலைகாட்டியதும் ஃப்ளாஸை உருவிவிடலாம்.

அடுத்து, வட்டைக் கண்ணிக்குள் விட்டு இழுக்க வேண்டும். சூட்கேஸில் பெயர்ச்சீட்டு மாட்டுவோமே, அதே சுருக்கு. முடிச்சு காதை ஒட்டி உட்கார வேண்டும். என்னுடையது முதல் தடவை கோணலாகி வட்டின் பக்கம் ஏறி நின்றது, பிரித்துத்தான் மறுபடி போட்டேன்.

இரண்டு காதிலும் இப்படிச் செய்து, வட்டுகளை ஸ்ட்ராப்பின் கொக்கிகளில் மாட்டினால் வேலை முடிந்தது, அடித்துளை முழுதாகக் காலி. ஆரம்பிப்பவர்களுக்கு இதையே சொல்வேன். ஒரே குறை, இரண்டு காதிலும் தொங்கும்போது லென்ஸ் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எம்ஆர்டி ரயிலில் கூட்ட நேரத்தில் அது யார் விலாவிலாவது இடிக்கும்.

மூன்றாம் படி: லென்ஸ் கீழே பார்க்க வேண்டுமென்றால்

இதற்கு மூலைகளில் துளை உள்ள ஆர்கா-சுவிஸ் வகைத் தட்டு வேண்டும், அதாவது ட்ரைபாட் தலையின் கவ்வி ஓரங்களைப் பிடித்துக்கொள்ளும் தட்டு. தட்டைக் கேமராவின் அடியில் ஆலன் சாவியால் இறுக்கித் திருகுங்கள், முழுதாக இறுக்கும் முன் தட்டு இடிக்காமல் பேட்டரி மூடி திறக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஆங்கர் இடக் காதில், இன்னொன்று தட்டின் இடப்பக்க மூலையில். ஸ்ட்ராப்பை இடத் தோளில் போட்டால் கேமரா வலது இடுப்பில் பக்கவாட்டில் தொங்கும், லென்ஸ் கனத்தால் கீழே சாயும், கை நேராகப் பிடிமானத்துக்குப் போகும்.

துளையை மறுபடி அடைத்துவிட்டோமே என்று கேட்கலாம். அடைத்தது ட்ரைபாட் தட்டேதான், அதை அப்படியே ட்ரைபாட் தலையின் கவ்வியில் வைக்கலாம். தட்டின் திருகு தளர்ந்தாலும் காது பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வாரம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். உங்கள் ட்ரைபாட் தலை ஆர்கா வகையா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், மன்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 தலையில் இந்தத் தட்டு உட்காராது. கவ்வியிலும் நெம்புகோல் வகையைவிடத் திருகு வகைதான் எனக்குப் பிடிக்கும். தட்டுகளின் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், திருகு அதற்கேற்ப இறுகிக்கொள்ளும்.

கவ்வியில் வைக்கும்போது மூலை ஆங்கரின் கயிறு தாடைக்குள் மாட்டிக்கொள்ளாமல் மேலே தூக்கிவிடுங்கள். மாட்டினால் இறுகியது போலவே தோன்றும், தட்டோ சரியாக உட்கார்ந்திருக்காது. இறுக்கியபின் கேமராவைப் பிடித்து ஒரு தடவை மேலே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன்.

ட்ரைபாடில் ஏறியதும் ஸ்ட்ராப்பை முழுதாகக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். மரினா அணைக்கட்டுக் காற்றில் பட்டை படபடத்தால் பத்து வினாடி எக்ஸ்போஷர் எல்லாம் கலங்கித்தான் வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள், கயிறு தேய்ந்தால் எப்படித் தெரியும் என்று. கறுப்பு மேலுறை தேய்ந்து உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போது பழையதை வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் புதியதைப் போட மறுபடி ஃப்ளாஸ் வேண்டும். என் கேமராப் பையில் இப்போது ஒரு டப்பா நிரந்தரமாக இருக்கிறது, வீட்டில் குளியலறைக்குத் தனியாக இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று.