ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றாமலே சரியானது

கோத்தகிரியில் நல்ல பனிக்காலம். காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்கியது, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால் பி0171 என்ற எரர் கோடு. “ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்” என்றார் அங்கிருந்த தம்பி. எஞ்சின் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளப்பது அது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கலவையில் காற்று மிகுந்துவிட்டது என்றுதான் அந்த எரர் கோடு சொல்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்றல்ல. மலையில் காற்று மெலிவுதான், ஆனால் அதை எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

சரி என்று ஃப்யூயல் டிரிம் பார்த்தேன், அதாவது கலவையைச் சரிக்கட்ட ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று. ஐடிலிங்கில் +24%, 2500 ஆர்பிஎம்மில் +6%. அங்கேயே பிடிபட்டது. ஆர்பிஎம் கூடும்போது டிரிம் இறங்கினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது.

பானெட்டைத் திறந்து காது கொடுத்தேன். உஸ்ஸென்று மெல்லிய சத்தம். எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை மறுபடி எரிய எடுத்துச்செல்லும் குழாயான பிசிவி ஹோஸை விரலால் அழுத்தியதும் சத்தம் நின்றது, ஆர்பிஎம் முள்ளின் ஆட்டமும் அடங்கியது. ஹோஸின் அடிவளைவில், மடக்கினால் மட்டும் தெரியும் வெடிப்பு, நகத்தளவு. புது ஹோஸ் போட்டு, எரர் கோடை அழித்துவிட்டு, குன்னூர் வரை ஓட்டிப் பார்த்தேன். டிரிம் +3%. அதே பழைய சென்சார்தான் இன்றும் இருக்கிறது.