அம்பாசடர் பிரேக் கசிந்த கதை

காட்பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது அப்பாவின் பழைய அம்பாசடரில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ரெண்டாவது மிதியில்தான் வண்டி நின்றது. வீட்டில் பார்த்தால் பின் இடது சக்கரத்தின் உட்பக்கம் ஈரம்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் கறுத்த பிரேக் ஆயில் விரலில் வழிந்தது. உள்ளே இருக்கும் ரப்பர்களை (ரப்பர் கிட்) மட்டும் மாற்றினால் போதும் என்றார் மெக்கானிக். ஆனால் சிலிண்டருக்குள் நகத்தால் தடவினால் துருக்குழி தட்டுப்பட்டது. அதில் எந்த ரப்பரும் நிற்காது. அதனால் முழு சிலிண்டரையே மாற்றினேன். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவில் ஆயில் ஊறினால், அதைக் காயவைத்துப் போடக்கூடாது. பின்சக்கரம் ரெண்டுக்கும் புதுசு.

அப்புறம் தம்பியைப் பெடலில் உட்காரவைத்து, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்தோம். வேலூர் வெயிலில் அவன்தான் அதிகம் திட்டினான்.