அதிமதுரமும் என் பிரஷரும்

தொண்டைக் கரகரப்புக்காக மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, தினமும் கஷாயம் வைத்துக் குடித்துவந்தேன். கரகரப்பு போனது, ஆனால் கால் வீங்கி, பிரஷர் 160/100-க்கு ஏறியது. பொட்டாசியமும் குறைவு. "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபிறகுதான் விஷயம் பிடிபட்டது.

அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்ற இனிப்புப் பொருள், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியை (என்சைமை) தடுக்கிறது. மிஞ்சும் கார்டிசோல், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும்: உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். தித்திக்கிற வேர் இப்படிச் செய்யும் என்று யார் நினைப்பார்கள்!

கஷாயத்தை நிறுத்தினேன். உடனே சரியாகாது, சில வாரம் பிடிக்கும். அதுவரை டாக்டர் கொடுத்த பொட்டாசிய மருந்து. இப்போது பிரஷர் 120/80-க்குப் பக்கம். கரகரப்புக்கு உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பதோடு சரி.