270180 கற்கள்

பைத்தான் நிரல்மொழிப் புத்தகத்தை இரண்டு முறை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். காரைக்குடியில் எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் கடைக்குக் கணக்கு நிரல் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கினேன். எட்டு அங்குலக் கல். 12க்கு 10 அடி அறைக்கு 270, 10க்கு 8 அடி அறைக்கு 180. இரண்டையும் உள்ளிட்டுக் கூட்டினால் திரையில் 270180!

ஒரு மாலை முழுவதும் கூட்டல் வரியையே சந்தேகித்தேன். கடைசியில் மாறியின் வகையை அச்சிட்டுப் பார்த்தேன்: 'ஸ்ட்ரிங்'. 'இன்புட்' கட்டளை வாங்குவது எதுவானாலும் எழுத்துச்சரம்தான்; சரங்களைக் கூட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தில் அந்த வரியின் கீழும் கோடு போட்டிருந்தேன், மனத்தில் ஏறவில்லை. சரத்தை முழு எண்ணாக மாற்றும் 'இன்ட்' சேர்த்ததும் 450 வந்தது.

அப்பச்சி எட்டிப் பார்த்து, "உடைசலுக்கு இருபது கூட்டிக்கொள்" என்றார். அந்த வரியைப் புத்தகம் புரட்டாமலே எழுதினேன்.