அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து: பழைய பிளேபுக்கை நவீன ஆட்டத்துக்கு மாற்றும் வழி

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் ஆட்டங்களைப் பார்த்து, அதே பிளேக்களை (வகுத்துவைத்த ஆட்ட நகர்வுகள்; இவற்றின் தொகுப்பே பிளேபுக்) வரைந்துகொண்டு வரும் புதிய கோச்சுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்வது) போகிறவர் எதிரணியின் உயரமான ஆள்மீது போய் முட்டி நிற்பார். ஆட்டக்காரர் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் விதியே வேறு.

படி 1: விதிகளை முதலில் பாருங்கள்

என்பிஏவில் 2001-02 சீசனிலிருந்து டிஃபென்சுக்கும் மூன்று விநாடி விதி உண்டு. யாரையும் காக்காமல் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள செவ்வகப் பகுதி) அதற்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவில் அப்படி ஒரு விதியே கிடையாது. எதிரணி சென்டர் (கூடைக்கருகே ஆடும் உயரமானவர்) ஆட்டம் முழுக்கக் கூடைக்கடியிலேயே நின்றாலும் ரெஃப்ரி விசில் ஊதமாட்டார். பெயின்ட்டும் குறுகல்: என்பிஏவில் 16 அடி அகலம், கல்லூரியில் 12 அடி. ஆக, இனி வரும் எல்லாப் படிகளும் ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கும்: அந்த உயரமானவரை வெளியே இழுப்பது எப்படி?

த்ரீ பாயிண்ட் கோடு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட்) கல்லூரியில் 1986-87 சீசனில் வந்தபோது கூடையிலிருந்து 19 அடி 9 அங்குலம். 2008-09இல் ஆண்களுக்கு 20 அடி 9 அங்குலம் ஆனது. 2019-20இலிருந்து முதல் டிவிஷன் ஆண்களுக்கும், 2021-22இலிருந்து பெண்களுக்கும் 22 அடி 1¾ அங்குலம். ஆண்களுக்கான ஷாட் கிளாக் (ஷாட் போடத் தரும் நேரம்) 45 விநாடியில் தொடங்கி, 35 ஆகி, 2015-16இலிருந்து 30 விநாடி. ஆண்கள் ஆட்டத்தில் அஃபென்சிவ் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தானே பிடிப்பது) எடுத்தால் கிளாக் 20க்குத்தான் திரும்பும். 45 விநாடிக் காலத்தில் எழுதப்பட்ட பிளேபுக் இன்று ஏன் மூச்சுவாங்குகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: எதையும் மாற்றுமுன் எண்ணிப் பாருங்கள்

கடைசி ஐந்து ஆட்டங்களின் வீடியோவை எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் நான்கில் ஒரு கட்டத்தில் போடுங்கள்: கூடைக்கடி, பெயின்ட்டின் மற்ற பகுதி, நடுத்தூரம், த்ரீ. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஷாட்டுக்கு எத்தனை பாயிண்ட் வந்தது என்று வகுத்துப் பாருங்கள். நடுத்தூர ஷாட்டில் 40 சதவீதம் விழுந்தால் ஷாட்டுக்கு 0.80 பாயிண்ட். த்ரீயில் 35 சதவீதமே விழுந்தாலும் 1.05.

அடுத்து, பொசெஷன் கணக்கு, அதாவது பந்து எத்தனை முறை உங்கள் அணியிடம் வந்தது என்பது. ஷாட் முயற்சிகளிலிருந்து அஃபென்சிவ் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் (ஷாட் போடாமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஓர் உதாரணம்: 60 ஷாட், 11 அஃபென்சிவ் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ. 60 − 11 + 12 + 9.5 = 70.5 பொசெஷன். அன்று 74 பாயிண்ட் எடுத்திருந்தால் பொசெஷனுக்கு 1.05. இந்த எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட் என்பதை மட்டும் பார்த்தால், வேகமாக ஆடியதால் கூடியதா, நன்றாக ஆடியதால் கூடியதா என்பது பிடிபடாது.

படி 3: ஐந்து பேரை எங்கே நிறுத்துவது

பழைய முறையில் மூன்று பேர் வெளியே, இரண்டு பேர் போஸ்ட்டில் (கூடைக்கருகே). இரண்டு பிக் மேன்கள் (உயரமான ஆட்டக்காரர்கள்) உள்ளே நின்றால் அவர்களைக் காக்கிற இருவரும் உள்ளேதான் இருப்பார்கள். பெயின்ட்டுக்குள் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கும்போது டிரைவுக்கு வழி ஏது? நான்கு பேர் வெளியே, ஒருவர் உள்ளே என்பதிலிருந்து தொடங்குங்கள். அது பழகிய பிறகு ஐந்து பேரும் வெளியே.

தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்: இரண்டு கார்னர் (கூடையின் பக்கத்து மூலைகள்), இரண்டு விங் (பக்கவாட்டு இடங்கள்), நடு உச்சி (கூடைக்கு நேரெதிர்). விங்கிலும் உச்சியிலும் டேப் கோட்டுக்கு 3 அடி பின்னால் இருக்கட்டும். அங்கே நின்று பந்தை வாங்கி, ஓர் எட்டு முன்வைத்துச் சுட வேண்டும். கோட்டை ஒட்டி நின்றால் காக்கிறவர் ஒரே தாவலில் பந்துக்கும் ஆளுக்கும் இடையே வந்துவிடுவார். அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கிடையே 15 முதல் 18 அடி. அதற்குக் குறைந்தால் ஒருவரே இருவரைக் காத்துவிடலாம்.

கார்னரில் மட்டும் 3 அடி பின்னால் போக இடமில்லை. அங்கே த்ரீ கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 3 அடி 4 அங்குலம். பந்து வரும்போது ஓடிக்கொண்டே வாங்கினால் குதிகால் வெளிக்கோட்டில் பட்டுவிடும். கையில் வந்த த்ரீ டர்ன்ஓவராகிப் போகும். பாஸ் கிளம்புமுன்பே இரண்டு காலையும் ஊன்றி, முழங்காலை மடித்து, விரல்களைப் பாஸ் வரும் பக்கம் திருப்பி நிற்பதைத் தனியாகப் பழக்குங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இதுதான்.

உங்கள் பிக் மேனுக்கு ஷாட் வராதா? கல்லூரியில் பல அணிகளின் நிலை இதுதான். அவரைக் காக்கிறவர் பெயின்ட்டிலேயே நின்றுகொள்வார். அதையே திருப்பிப் பயன்படுத்தலாம். பிக் மேனை எல்போவிலோ (பெயின்ட்டின் மேல் மூலை) உச்சியிலோ பந்தோடு நிறுத்துங்கள். ஷூட்டர் ஒருவர் அவரை உரசி ஓடிவந்து கைக்குக் கை பந்தை வாங்கட்டும். ஷூட்டரைத் துரத்துகிறவர் பிக் மேன் உடம்பில் சிக்குவார். வெளியே வந்து தடுக்க வேண்டிய உயரமானவரோ பெயின்ட்டில் இருப்பார். ஷாட் திறந்து கிடக்கும்.

படி 4: டிரைவ் வந்தால் மற்ற நால்வர் என்ன செய்வது

இடம்பிடித்து நிற்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். முதல் மாதத்துக்கு மூன்றே விதி போதும். பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) வழியாக டிரைவ் போனால் எதிர்ப்பக்கக் கார்னரில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஒருவர் உங்களை நோக்கி வந்தால் நின்ற இடத்தில் நிற்காதீர்கள். கூடைக்கு வெட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு நகருங்கள். டிரைவ் போனவர் விட்டுச்சென்ற இடத்தை ஒருவர் நிரப்ப வேண்டும், உள்ளே அடைபட்டால் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டுமே.

பந்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே நெருங்குவதுதான் வழக்கமான தவறு. நெருங்குகிறவர் தன்னைக் காக்கிற ஆளையும் கூடவே அழைத்து வருகிறார்.

படி 5: பழைய பிளேக்களில் எதை வைத்துக்கொள்வது

எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கோச் பீட் கரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடவைத்த முறையில் சென்டர் உச்சிக்கு வந்து பாஸ் கொடுப்பார், மற்றவர்கள் தங்களைக் காக்கிறவரின் பின்பக்கமாகக் கூடைக்கு வெட்டுவார்கள். 1996இல் நடப்புச் சாம்பியன் யுசிஎல்ஏவை 43-41 என்று வீழ்த்திய கடைசிக் கூடை அப்படி வந்ததுதான். இன்று ஐந்து பேர் வெளியே நின்று ஆடுவதில் அதன் சாயல் அப்படியே இருக்கிறது. மாறியது வேகம் மட்டும்.

பின்பக்க வெட்டு, ஃப்ளெக்ஸ் வெட்டு (கார்னரிலிருந்து பேஸ்லைனை ஒட்டிக் கூடைக்கு ஓடுவது), பந்தில்லாத ஆளுக்குப் போடும் ஸ்கிரீன் (காக்கிறவர் வழியில் நின்று மறிப்பது) ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஷாட் வர 20 விநாடி எடுக்கும் பிளேக்களையும், முடிவில் போஸ்ட்டில் முதுகைக் காட்டி நிற்பதில் முடிகிறவற்றையும் கழித்துவிடுங்கள். மொத்தம் ஆறு பிளே போதும். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (ஆட்டக்காரர் கல்லூரி மாறப் பதிவுசெய்யும் முறை) 2018இல் வந்த பிறகு அணியில் பாதிப்பேர் வருஷத்துக்கு வருஷம் மாறுவது சாதாரணம். நாற்பது பிளேக்களை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை.

படி 6: 30 விநாடியைப் பிரிப்பது

முதல் 7 விநாடி: ஓட்டம். ரீபவுண்ட் கிடைத்ததும் இருவர் கார்னருக்கு, ஒரு பிக் மேன் நேராகக் கூடைக்கு, இன்னொருவர் உச்சிக்குப் பின்தொடர்ந்து. எதிரணி கூடை போட்ட பிறகும் 2 விநாடிக்குள் பந்து உள்ளே வந்துவிட வேண்டும். டிஃபென்ஸ் அமர்வதற்கு முன்னால்தான் அந்த உயரமானவர் பெயின்ட்டில் இருக்கமாட்டார்.

8 முதல் 20 வரை உங்கள் பிளே. கடைசி 10 விநாடி உச்சியில் ஒரு பால் ஸ்கிரீன் (பந்து வைத்திருப்பவருக்குப் போடும் ஸ்கிரீன்). பந்தைப் பாதி மைதானம் தாண்டிக் கொண்டுவர விதி 10 விநாடி தருகிறது என்பதற்காக அத்தனையையும் செலவழித்தால், பிளே தொடங்கும்போதே மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிருக்கும்.

பால் ஸ்கிரீனில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஸ்கிரீன் போடுகிறவர் நடந்து வந்தால் அவரைக் காக்கிறவரும் கூடவே வந்து தயாராக நிற்பார். ஓடிவந்து நிற்க வேண்டும். பந்து வைத்திருப்பவர் அவசரப்பட்டு, ஸ்கிரீனர் கால் ஊன்றுமுன் கிளம்பினால் நகரும் ஸ்கிரீன் என்று ஃபவுல் விழும். விசில் ஸ்கிரீனர் பெயரில் வந்தாலும் தப்பு பந்து வைத்திருப்பவருடையது. தோள் ஸ்கிரீனரின் இடுப்பை உரசிப் போக வேண்டும். நடுவே ஆள் புகும் இடைவெளி இருந்தால் அது ஸ்கிரீனே இல்லை.

படி 7: டிஃபென்ஸ்

கோச் டோனி பென்னட்டின் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி 2019இல் என்சிஏஏ பட்டம் வென்றது பேக்-லைன் டிஃபென்சை வைத்து. கூடையிலிருந்து 16 அடியில் கற்பனையாக ஒரு கோடு. பந்தைக் காக்கிறவர் மட்டும் வெளியே, மற்ற நால்வர் கோட்டுக்குள். புதிதாகத் தொடங்கும் அணிக்கு நல்ல அடித்தளம் இது. ஒரு சிக்கல் என்னவென்றால், த்ரீ கோடு 20 அடி 9 அங்குலமாக இருந்தபோது உள்ளேயிருந்து ஓடிவந்து தடுக்க 5 அடிக்கும் குறைவு. இப்போது 6 அடிக்கு மேல். நல்ல ஷூட்டருக்கு அந்தக் கூடுதல் தூரம் போதும்.

அதனால் எதிரணி ஐவருக்கும் நிறம் கொடுங்கள். சிவப்பு: நல்ல ஷூட்டர், இவரை விட்டு யாரும் உதவிக்குப் போகக் கூடாது. மஞ்சள்: ஓர் அடி உள்ளே வரலாம். பச்சை: இவரைக் காக்கிறவர்தான் உதவிக்கு முதல் ஆள். பந்து இருக்கும் பக்கத்துக் கார்னரில் சிவப்பு நின்றால் அங்கிருந்து ஒருபோதும் உதவி வேண்டாம். உதவி எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும்.

சார்ஜ் (வந்து மோதுகிற எதிரணி ஆள்மீது விழும் ஃபவுல்) வாங்குவதை நம்பி டிஃபென்ஸ் அமைக்காதீர்கள். ஆண்கள் ஆட்டத்தில் 2023-24இலிருந்து, ஷூட்டர் தாவுவதற்குக் காலை ஊன்றும்போதே காக்கிறவர் இடத்தில் இருந்தாக வேண்டும். தாமதமாக வந்து முன்னால் நின்றால் காக்கிறவர்மீதே பிளாக் ஃபவுல். கையை நேரே மேலே தூக்கிக் குதிப்பதைப் பழக்குவது மேல்.

படி 8: பயிற்சி

சீசனில் என்சிஏஏ அனுமதிப்பது வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4. ஆளில்லாத மைதானத்தில் பிளேக்களை ஓடவைத்து அந்த நேரத்தைக் கரைக்க வேண்டாம். 3-க்கு-2, 4-க்கு-3 என்று ஆள் குறைத்து ஆடவையுங்கள். முடிவெடுக்கப் பழகுவது அங்கேதான். பிறகு 5-க்கு-5, ஷாட் கிளாக்கை 12 விநாடியில் வைத்து. கூடைக்கடி ஷாட்டுக்கும் கால் ஊன்றிய த்ரீக்கும் விழாவிட்டாலும் ஒரு பாயிண்ட் கொடுங்கள், எந்த ஷாட் வேண்டும் என்று தனியாகப் பேச வேண்டியிருக்காது.

ஐந்து ஆட்டம் முடிந்ததும் படி 2இன் கணக்கை மறுபடி போடுங்கள். த்ரீ முயற்சி கூடி, கூடைக்கடி ஷாட்டும் ஃப்ரீ த்ரோவும் குறைந்திருந்தால் பந்து வெளியே மட்டும் சுற்றுகிறது. பெயின்ட்டைத் தொடாமல் த்ரீ கிடையாது என்று ஒரு வாரத்துக்கு விதி போடுங்கள். டர்ன்ஓவர் ஏறியிருந்தால் எங்கே நடந்தது என்று வீடியோவில் பாருங்கள். டிரைவின் முடிவில் என்றால் படி 4க்கும், பாதி மைதானத்துக்கு முன்பே என்றால் படி 6இன் ஓட்டத்துக்கும் திரும்புங்கள்.