அடிக்கடி அணையும் கம்ப்யூட்டர்: உப்புக்காற்று ஊர்களில் நாம் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் ஒரு வீடு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலு தென்னை மட்டும்தான். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைக் காலை ஆறு மணிக்குப் போட்டால் இரண்டு தடவை தானாக அணையும், மூன்றாம் தடவை பிழை காட்டும் நீலத் திரை வரும். பத்து மணிக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். "தம்பி, மூணு தடவை ஃபார்மட் அடிச்சாச்சு. ஒரு வாரம் நல்லா ஓடுது, அப்புறம் பழையபடி ஆயிருது" என்றார் அந்த அக்கா. ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. மூன்றாவது ஃபார்மட்டில் அவருடைய அப்பாவின் படங்கள் மொத்தமும் போய்விட்டன. அப்பா இப்போது இல்லை. வேறு எங்கும் பிரதியும் இல்லை.

கம்ப்யூட்டர் ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேம் என்ற பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அதன் தங்க நிற விளிம்பில் இரண்டு இடத்தில் பச்சை பூத்திருந்தது. துடைத்து மாட்ட கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முறை கடைக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் பெட்டி குலுங்கி ரேம் கொஞ்சம் அசைந்திருக்கும், நாலு நாள் கடையில் காய்ந்தும் இருக்கும். அதனால் ஒரு வாரம் ஓடியது. அதைத்தான் ஃபார்மட்டின் பலன் என்று அந்த வீட்டில் நம்பியிருக்கிறார்கள்.

12 வருடமாக மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாகப் போய் இந்த வேலை பார்க்கிறேன். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: காரணம் தெரியும் முன்பே ஃபார்மட் அடிப்பது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எப்போது அணைகிறது? காலையில் முதல் முறை போடும்போதா, அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகா, வீட்டில் மோட்டார் போடும் நொடியிலா, ஒரு குறிப்பிட்ட புரோகிராமைத் திறந்தால் மட்டுமா? இந்தப் பதிலில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது. ஒரு தாளை மானிட்டர் பக்கத்தில் ஒட்டி, அணையும் ஒவ்வொரு முறையும் மணியையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு வாரம் போதும்.

காலைப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கடற்கரைக்கே உரியது இது. மதுரையில் கம்ப்யூட்டர் படித்து வந்தவர்களுக்குக்கூட இது சட்டென்று தோன்றுவதில்லை. கடல்காற்றில் வரும் உப்பு, பெட்டிக்குள் இருக்கும் தூசியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுப்படியில் உப்புச் சாடி கசிகிறதே, அதேதான். கசிந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். இரவெல்லாம் அணைந்து கிடந்த பெட்டியில் விடியற்காலையில் இந்த ஈரம் இருக்கும். ஓடிச் சூடானதும் காய்ந்துவிடும். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தின் இரும்பை அரித்து, 2022 டிசம்பரோடு அதில் ரயிலையே நிறுத்த வைத்த காற்று இது. ரேமின் மேல் இருக்கும் தங்கப்பூச்சு தலைமுடியைவிட மிக மெல்லியது.

இதில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. கெட்டுப்போகும் என்று பயந்து கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் போடாமல் மூடி வைப்பார்கள். தினமும் ஓடும் பெட்டி அதன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஓடும்போது பிளாஸ்டிக் உறை போடவே கூடாது. ஓடி முடித்துச் சூடு ஆறிய பிறகு துணி உறை போடலாம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகவும் தரையிலும் வைக்க வேண்டாம்.

ரேமைத் துடைப்பது நீங்களே செய்யக்கூடிய வேலைதான், முறையாகச் செய்தால். பிளக்கை உருவிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அந்த விளிம்பை மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரையும் உப்புத்தாளையும் எடுக்காதீர்கள். தங்கப்பூச்சு உரிந்து, அடுத்த மழைக்காலத்தில் அந்த இடமே முதலில் அரிக்கும். ரப்பர் தூள் ரேம் சொருகும் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்து, காய விட்டு, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். கைக்குப் போடும் சானிடைசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது. துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவுவதும் வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைக்கும்.

துடைத்த பிறகும் நின்று நின்று ஓடினால், இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு மற்றதை மட்டும். மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை பென்டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட்டினால் ரேமின் நிலை தெரிந்துவிடும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்ப முடியாது.

சூட்டினால் அணைவது வேறு மாதிரி. நன்றாகத் தொடங்கும், வீடியோ எடிட்டிங்கோ கேமோ போட்டு இருபது நிமிடத்தில் டப்பென்று அணையும். உடனே போட்டால் இன்னும் சீக்கிரமாக அணையும். ஃபேனில் மணலும் பஞ்சும் அடைத்திருக்கும். இங்கே பலர் செய்வது, பஞ்சர் கடைக்குத் தூக்கிப் போய்க் காற்றடிப்பது. அந்த டேங்கில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும், அது அப்படியே மதர்போர்டில் தெளிக்கும். வாயால் ஊதினால் எச்சில். பெயின்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி, ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தட்டிவிடுவதே போதும். பிராசசரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்துத்தான் மாட்ட வேண்டும். புதுப் பேஸ்ட் கையில் இல்லையென்றால் ஹீட் சிங்க்கைத் தொடாதீர்கள்.

அடுத்தது கரண்ட். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்பார்கள், "லேசாத்தான் அடிக்கும், பழகிருச்சு" என்பார்கள். அந்தச் சுருக்கு, எர்த் வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபில்டரில் கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். வழி இல்லாததால் பெட்டியில் நிற்கிறது. நம் மணல் பூமி தண்ணீரைப் பிடிக்காது, காய்ந்த மணல் மின்சாரத்தையும் கடத்தாது. ஈரமான உப்பு நிலமாக இருந்தால் எர்த் பைப்பும் அதன் கிளாம்பும் சீக்கிரம் அரித்துப் போகும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், வருடம் ஒரு முறை ஒயர்மேனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் ஜங்ஷன் பாக்ஸில் சொருகுவதும், பிளக் பாயின்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவதும் ஆளைக் கொல்லக்கூடிய தவறுகள். அப்படி இணைத்த இடத்தில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டியின் இரும்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

கரண்ட் போகும் நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? வீட்டு இன்வெர்ட்டரைத் திருப்பிப் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஃபேன், லைட்டுக்கான சாதாரண நிலையில் அது மாறிக்கொள்ள எடுக்கும் இடைவெளியைக் கம்ப்யூட்டர் தாங்காது, யு.பி.எஸ் நிலையில் தாங்கும். இந்த ஒரு சுவிட்சைத் தள்ளியே சரியான வீடுகள் உண்டு. தனி யு.பி.எஸ் வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மூன்று வருடத்துக்கு மேல் உழைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடி மின்னல் வரும்போது பவர் பிளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் கழற்றுங்கள், அதன் வழியாகவும் வரும். எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சாஃப்ட்வேர் காரணங்களும் உண்டு. இரண்டு ஆன்டிவைரஸ், 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாக வருபவை, கிராக் செய்த புரோகிராம்கள், இவற்றை முதலில் எடுங்கள். தொந்தரவு எந்த நாளில் தொடங்கியதோ அதற்கு முந்தைய நாளில் என்ன ஏற்றினீர்கள் என்று யோசியுங்கள். விண்டோஸ் தேடலில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாள்வாரியாகச் சிவப்புக் குறிகளோடு காட்டும். நீலத் திரை வந்தால் போனில் படம் எடுங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் அது கருப்பாக வரும். அதிலுள்ள 'ஸ்டாப் கோடு' வரிதான் வேண்டும். நடந்ததை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டது என்று புதிது வாங்கியவர்கள் இருக்கிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, ஃபைல் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ, எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் படங்களையும் சான்றிதழ்களையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில், பிழை தேடித் திருத்தும் 'செக் டிஸ்க்' ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த அலைக்கழிப்பிலேயே அது முடிந்துவிடும். பிரதி எடுத்த பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டு டிஸ்க்கின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், மானிட்டர் பக்கத்தில் ஒட்டிய அந்தத் தாளையும் போனில் எடுத்த படத்தையும் கையோடு கொண்டு போங்கள். பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "என்னைக் கேட்காமல் ஃபார்மட் அடிக்க வேண்டாம்."